முதல் .22 பிஸ்டல்: வடசென்னையிலிருந்து தொடங்குகிறவருக்கு

"அண்ணே, கையில நாப்பதாயிரம் சேர்த்து வெச்சிருக்கேன். ஒரு பாயின்ட் டூ டூ பிஸ்டல் வாங்கிடலாமா?"

தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி போன மாதம் என்னிடம் இப்படிக் கேட்டான். "காசை அப்படியே வைப்பா. முதல்ல ரெண்டு மாசம் கிளப் துப்பாக்கியில சுடு" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. வாங்கும் ஆசையோடு வருகிறவரிடம் பொறுத்திரு என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் குறி பார்த்துச் சுடும் இந்த விளையாட்டில் காசை வீணாக்கியவர்களில் பெரும்பாலோர் அவசரப்பட்டு வாங்கியவர்கள்தான். அவர்களில் நானும் ஒருவன். அந்தக் கதை பின்னால் வருகிறது. அந்தத் தம்பிக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எது .22, எது ஏர் பிஸ்டல்

புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஏர் பிஸ்டலில் வெடிமருந்து கிடையாது. அடைத்து வைத்த காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட்டைத் தள்ளும். குழலின் துளை அந்த 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமலும், பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாமலும் இருந்தால் அதற்கு லைசென்ஸ் வேண்டாம். 10 மீட்டர் போட்டிக்கான பிஸ்டல் சுமார் 6 ஜூல்தான், அதனால் தாராளமாக அந்த எல்லைக்குள் வரும். வாங்கும்போது அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுக்க வேண்டும், அவ்வளவே.

.22 அப்படியல்ல. குண்டின் விட்டம் ஏறக்குறைய 0.22 அங்குலம், அதனால் அந்தப் பெயர். அது முழுக்க முழுக்க வெடிமருந்துத் துப்பாக்கி. 1887 முதல் இருந்துவரும் '.22 லாங் ரைஃபிள்' தோட்டாதான் இதற்கு. பெயரில் ரைஃபிள் இருந்தாலும் பிஸ்டலுக்கும் அதே தோட்டாதான். ஒரு தோட்டாவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பித்தளைக் கூட்டின் அடியில் மெல்லிய விளிம்பு ஒன்று சுற்றி ஓடும். தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள்தான் தடவியிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கினால் தோட்டா வெடிக்கும். ரிம்ஃபயர் என்று பெயர் வந்தது இதனால்தான். தயாரிக்க எளிது, அதனால் மற்றத் தோட்டாக்களைவிட விலை குறைவு. சத்தமும் உதையும் குறைவு. உலகம் முழுக்க வெடிமருந்துத் துப்பாக்கியில் பழகத் தொடங்குகிறவர்கள் இதில் தொடங்குவதற்குக் காரணம் அதுதான்.

அதற்காக விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. பிஸ்டலிலிருந்து புறப்படும் .22 குண்டின் ஆற்றல் சுமார் 100 ஜூல். தடுக்க ஒன்றும் இல்லையென்றால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் பறக்கும். ஆகவே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கட்டாயம். துப்பாக்கிக்கு மட்டுமில்லை, ஒரே ஒரு தோட்டா கையில் இருந்தாலும் லைசென்ஸ் வேண்டும். "லைசென்ஸ் இல்லாம முடிச்சுத் தரேன்" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவரை அந்த நிமிடமே பிளாக் செய்யுங்கள். அவரிடம் வாங்கினால் உங்கள் பெயரில் கிரிமினல் வழக்குதான் மிஞ்சும்.

முதல் படி: கிளப்

வடசென்னையிலிருந்து கிளம்பினால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது சென்னை ரைபிள் கிளப். எழும்பூரில், இப்போது காவல் அருங்காட்சியகம் இருக்கிற பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. கமிஷனர் ஆபீஸ் என்று மட்டும் சொன்னால் ஆட்டோக்காரர் வேப்பேரியில் இறக்கிவிடுவார், "பழைய ஆபீஸ்" என்று அழுத்திச் சொல்லுங்கள். தவிர, 10 மீட்டர் ஏர் ரேஞ்ச் (சுடும் கூடம்) வைத்துப் பயிற்சி கொடுக்கும் தனியார் அகாடமிகளும் நகரில் இருக்கின்றன. பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்களுக்குத் தமிழ்நாடு துப்பாக்கிச் சுடும் சங்கத்தின் அங்கீகாரம் உண்டா? பின்னால் மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவும், லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கவும் அந்த அங்கீகாரம்தான் கைகொடுக்கும்.

கிளப்பின் பெரிய லாபம், அதன் லைசென்ஸில் உள்ள துப்பாக்கிகளை உறுப்பினர் ரேஞ்சுக்குள் கண்காணிப்போடு பயன்படுத்தலாம் என்பது. சொந்தமாக ஒன்றும் வாங்காமலேயே .22 எப்படி இருக்கிறது என்று கை பழகிவிடும். 21 வயது நிரம்பாதவர் சொந்தமாக வைத்துக்கொள்ள சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் 12 வயது முதல் பயிற்சியின்போது கண்காணிப்பில் சுட விதி உண்டு. பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நம் பேட்டைப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டில் ஒரு அனுகூலம் இருப்பதாக நான் நம்புகிறேன். தெருவுக்குத் தெரு கேரம் போர்டு போட்டு வளர்ந்தவர்கள் நாம். ஸ்ட்ரைக்கரை வெடுக்கென்று சுண்டினால் காய் விலகிப் போகும் என்பது பத்து வயதிலேயே விரலுக்குத் தெரிந்துவிடும். ட்ரிக்கரும் அதே கணக்குதான். முதல் நாள் கோச் என்னிடம், "தம்பி, இழுக்காத. மெல்ல அழுத்திக்கிட்டே இரு. எப்ப வெடிச்சுதுன்னு உனக்கே தெரியக் கூடாது" என்றார். புதுவண்ணாரப்பேட்டைக் கேரம் கிளப்பில் என் அண்ணன் சொல்லிக் கொடுத்ததும் ஏறக்குறைய அதே பாடம்தான்.

இரண்டாம் படி: முதலில் ஏர் பிஸ்டல்

"எனக்கு வேணும்கிறது .22தான், ஏர் எதுக்கு?" என்று கேட்பார்கள். காரணம் காசு. கணக்கைப் பாருங்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு 60 ஷாட். வாரத்துக்கு 180. ஏர் பெல்லட் 500 கொண்ட டப்பாவாக வரும், ஒரு டப்பா கிட்டத்தட்ட மூன்று வாரம் ஓடும். அதே 180 ஷாட் .22 என்றால் ஐம்பது தோட்டாக் கொண்ட பெட்டி வாரத்துக்கு நான்கு ஆகும். லைசென்ஸில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் வாங்கவும் முடியாது. ட்ரிக்கர் பழக ஆயிரக்கணக்கான ஷாட் வேண்டும். அந்த ஆயிரங்களை ஏரில் செலவழிப்பதுதான் கட்டுப்படியாகும்.

ஏரில் பழகிய கை .22-இல் வீண்போகாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கிய மனு பாக்கர், அதே ஒலிம்பிக்கில் 25 மீட்டர் பிஸ்டலிலும் இறுதிச்சுற்றுக்குப் போய் நான்காவதாக வந்தார். அந்த 25 மீட்டர் பிஸ்டல் .22 தான். 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கிய ரேப்பிட் ஃபயர் என்ற வேகச் சுடும் போட்டியும் .22 தான்.

ஏர் பிஸ்டலில் எதை வாங்குவது? மும்பைப் பக்கத்து பிரிசிஹோல் போன்ற நம் நாட்டுத் தயாரிப்புகள், ஸ்டைர், மோரினி, வால்தர், ஃபெய்ன்வெர்க்பாவ், பார்டினி மாதிரியான வெளிநாட்டுப் போட்டித் துப்பாக்கிகளைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வெளிநாட்டு மாடல் புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். என் யோசனை: நம் ஊர்த் தயாரிப்பு, இல்லையென்றால் கிளப்பிலேயே யாராவது விற்கும் பழைய வெளிநாட்டு மாடல். ட்ரிக்கர் மெக்கானிக்கலாக இருக்கட்டும். எலக்ட்ரானிக் ட்ரிக்கர் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பழுதானால் நம் தெருவில் யாரிடம் போவது?

பழைய ஏர் பிஸ்டல் வாங்கினால் முதலில் காற்று அடைக்கும் சிலிண்டரைப் பாருங்கள். நான் ஏமாந்த இடம் அதுதான். என் முதல் பிஸ்டலைத் தெரிந்தவர் மூலம் ஒருவரிடம் வாங்கினேன். பிடி பளபளவென்று, ட்ரிக்கர் வெண்ணெய் மாதிரி. வீட்டுக்கு வந்து சந்தோஷத்தில் தூங்கவே இல்லை. மறுவாரம் ரேஞ்சுக்குக் கொண்டுபோனதும் அங்கிருந்தவர் சிலிண்டரைத் திருப்பி, அதில் பொறித்திருந்த தேதியைக் கட்டை விரலால் துடைத்துக் காட்டினார். தயாரித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. 200 பார் அழுத்தத்தில் காற்றைத் தாங்கும் அந்தச் சின்னக் குழாய்க்குப் பத்து வருஷம்தான் ஆயுள். அதற்கு மேல் போட்டியிலும் விட மாட்டார்கள், பொறுப்பான ரேஞ்சிலும் காற்று நிரப்ப மாட்டார்கள். புது சிலிண்டர் வரும்வரை நான் கிளப் துப்பாக்கியில்தான் சுட்டேன். விற்றவருக்கு அது தெரிந்திருந்ததா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் தேதியைப் படிப்பது என் வேலை.

மொட்டை மாடியில் சுடலாமா என்றும் கேட்கிறார்கள். கூடவே கூடாது. நம் பக்கத்து மாடி என்றால் துணி காயப்போடும் அம்மா, பட்டம் விடும் பிள்ளை, புறாக் கூண்டு எல்லாம் இருக்கும். அது யாரோ பந்தயத்துக்கு வளர்க்கும் புறா. சுவரில் பட்ட பெல்லட் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. வீட்டில் செய்ய வேண்டியது வேறு: பெல்லட் போடாமல், காற்று விடாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து ட்ரிக்கர் அழுத்தும் பயிற்சி. ஏர் பிஸ்டல்கள் பலவற்றில் இதற்கென்றே தனி அமைப்பு உண்டு. பத்துக்குப் பத்து அறை போதும். தினம் அரை மணி நேரம் இதைச் செய்தால் வித்தியாசம் ஒரே மாதத்தில் தெரியும்.

மூன்றாம் படி: லைசென்ஸ்

மாநிலப் போட்டி ஒன்றிரண்டு ஆடி, கோச்சும் ".22-க்குப் போகலாம்" என்று சொன்ன பிறகு விண்ணப்பியுங்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி என்றால் வேப்பேரியில் இருக்கும் சென்னை கமிஷனர் அலுவலகம். செங்குன்றம், மீஞ்சூர் பக்கம் என்றால் 2022-இல் வந்த ஆவடி கமிஷனரேட். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள்படி ஏ-1 படிவம், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, துப்பாக்கியை வீட்டில் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் வேண்டும். காரணம் என்ற இடத்தில் விளையாட்டு என்று தெளிவாக எழுதி, கிளப் உறுப்பினர் சான்றையும் போட்டி மதிப்பெண் தாள்களையும் இணைத்துவிடுங்கள். பிறகு உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வருவார்கள். பக்கத்து வீட்டாரிடமும் கேட்பார்கள். அவர்களிடம் முன்கூட்டியே, "ஷூட்டிங் போட்டிக்குப் போறேன், அதுக்காக விசாரிக்க வருவாங்க" என்று சொல்லி வையுங்கள். சொல்லாமல் விட்டால் போலீஸ் வந்து போன கதை தெருவில் வேறு மாதிரி உருமாறிவிடும்.

லைசென்ஸ் ஐந்து ஆண்டு செல்லும். புதுப்பிக்கும் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தேசிய ரைபிள் சங்க உறுப்பினரான போட்டியாளர்களுக்கு இதில் விலக்கு உண்டு. அந்த உறுப்பினர் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

நான்காம் படி: .22 பிஸ்டலைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கும் சலுகை, தேசியப் போட்டியில் தகுதி மதிப்பெண் எடுத்த ஷூட்டர்களுக்குத்தான். புதியவருக்கு அது கிடையாது. அப்படியானால் என்ன கிடைக்கும்? லைசென்ஸ் பெற்ற கடையில் இருக்கும் பழைய துப்பாக்கியும், போட்டியை விட்டு விலகும் ஷூட்டர் முறைப்படி விற்கும் துப்பாக்கியும்தான். வால்தர் ஜி.எஸ்.பி., பார்டினி எஸ்.பி., ஹாமர்லி 208, ரஷ்யாவின் மார்கோலின், இஷ் 35 போன்றவை இப்படிக் கைமாறி வரும். இவற்றில் பல, வாங்குகிறவரைவிட வயதில் மூத்தவை. அது குறையே இல்லை. நன்றாகப் பராமரித்த மார்கோலின், புதியவரின் கையைவிடத் துல்லியமாகத்தான் சுடும்.

விலை குறைவு என்று குட்டைக் குழல் ரிவால்வரை வாங்கிவிடாதீர்கள். இச்சாப்பூர் தொழிற்சாலையின் .22 நிடர் மாதிரியானவை தற்காப்புக்காகச் செய்தவை. கைப்பைக்குள் அடங்கும் அளவு, நகர்த்த முடியாத சைட் (குறி பார்க்கும் அமைப்பு). 25 மீட்டரில், பத்து மதிப்பெண் தரும் 5 சென்டிமீட்டர் அகல நடுவட்டத்தை அதில் தேடுவது நம்மை நாமே தண்டித்துக்கொள்வது. பின்பக்க சைட்டைத் திருகு வைத்து மேல் கீழ், இடம் வலம் நகர்த்த முடிய வேண்டும். 25 மீட்டர் போட்டிக்கு எடை 1,400 கிராமுக்கு மேல் கூடாது, ட்ரிக்கர் 1,000 கிராமுக்குக் குறையக் கூடாது. விற்பவரிடம் ஒரு கிலோ எடைக்கல்லைக் கேளுங்கள். காலித் துப்பாக்கியைக் குழல் மேலே பார்க்கப் பிடித்து, ட்ரிக்கரில் எடையைத் தொங்கவிட்டுத் தூக்கினால் விடுபடாமல் தாங்க வேண்டும். விடுபட்டால் போட்டியில் செல்லாது. சரிசெய்ய முடியுமா என்று கேட்ட பிறகு விலை பேசுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அது உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்பது. சோதிக்கும் விதம் இது. தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றுங்கள், துப்பாக்கி காலி என்று நீங்களே திறந்து பாருங்கள், தோட்டா உட்காரும் அறையைச் சுண்டுவிரல் நுனியால் தடவுங்கள். ரேஞ்சில் குறியை நோக்கி நில்லுங்கள். கண்ணை மூடி, கையை நீட்டி, வழக்கமாகக் குறி பார்க்கும் உயரத்துக்குத் தூக்குங்கள். மூன்று எண்ணிக் கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவே தானாக வந்து உட்கார்ந்திருந்தால் பிடி உங்களுடையது. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் மறுபடி செய்யுங்கள். ஐந்து முறையும் ஒரே பக்கம் ஒதுங்கினால் பிடியை மாற்ற வேண்டும், அல்லது துப்பாக்கியை விட்டுவிட வேண்டும். மரப் பிடியில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு உண்டு. இடக்கைக்காரருக்குத் தனி. ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முந்தைய சதை ட்ரிக்கரில் படிய வேண்டும், விரலின் பக்கம் மரத்தில் உரசக் கூடாது. என் மைத்துனர் கை சிறியது. பெரிய பிடி போட்ட நல்ல பிஸ்டலை மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிவிட்டு, அரம் வைத்துப் பிடியைத் தேய்த்துத் தேய்த்து மூன்று மாதம் ஓட்டினார்.

பழைய .22-இல் பார்க்க வேண்டிய இன்னொன்று பலருக்குத் தெரியாது. டார்ச் அடித்து, தோட்டா உட்காரும் அறையின் வாயைப் பாருங்கள். விளிம்பில் ஊசி குத்திய பள்ளம் தெரிகிறதா? தோட்டா இல்லாமலே ட்ரிக்கரை அழுத்தி அழுத்திப் பழகியவர் கையில் இருந்த துப்பாக்கி அது. ரிம்ஃபயரில் ஊசி விளிம்பைத்தான் அடிக்கும். அங்கே தோட்டா இல்லாவிட்டால் இரும்பையே கொத்தும். பள்ளம் ஆழமானால் தோட்டா உள்ளே போகத் தகராறு செய்யும், சுட்ட கூடு வெளியே வராது. ஏரில் செய்த சுவர்ப் பயிற்சியை .22-இல் அப்படியே செய்யக் கூடாது என்பதும் இதனால்தான். அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் போலித் தோட்டாவைப் போட்டுத்தான் செய்ய வேண்டும்.

மேகசின் எத்தனை தருகிறார் என்று கேளுங்கள். பழைய மாடலுக்குத் தனியாக மேகசின் தேடுவது பெரிய அலைச்சல். ஒன்றே ஒன்றுதான் என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கடைசியில் பத்து ரவுண்டாவது சுட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சுட்ட கூடு சிக்குகிறதா, தாறுமாறாகத் தெறிக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

தோட்டா, காது, கை

.22 துப்பாக்கிக்கு நாக்கு உண்டு என்பார்கள். ஒரு கம்பெனித் தோட்டாவை ரசித்துச் சாப்பிடும், இன்னொன்றைத் துப்பும். நம் அரசு கிர்க்கி ஆலையின் கே.எஃப். தோட்டா, வெளிநாட்டு எலே, எஸ்.கே. எது கிடைக்கிறதோ, ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி வாங்கி, துப்பாக்கியை மணல் மூட்டையில் சாய்த்து வைத்து, பத்துப் பத்தாகச் சுட்டு, துளைகள் எதில் நெருக்கமாக விழுகின்றன என்று பாருங்கள். அதிவேகத் தோட்டா வேண்டாம், சாதாரண வேகம் போதும்.

ரிம்ஃபயரில் அவ்வப்போது வெடிக்காத தோட்டா வரும். ஊசி தட்டிய சத்தம் மட்டும் கேட்கும். அப்போது துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். குழல் குறியையே பார்க்கட்டும், முப்பது நொடி அப்படியே பிடித்திருங்கள், பிறகு ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிட்டு வெளியே எடுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா அபூர்வம்தான், ஆனால் அந்த ஒன்று போதும்.

காது மறைப்பும் கண்ணாடியும் இல்லாமல் .22 ரேஞ்சுக்குள் நுழையவே வேண்டாம். முடித்துவிட்டு வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே டீக்கடைப் பக்கம் போங்கள். விரலில் ஈயப் பொடி ஒட்டியிருக்கும், அதோடு வடையைப் பிட்டுத் தின்றால் வயிற்றுக்குள் போவது நஞ்சு.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

மெட்ரோவில் துப்பாக்கி கொண்டுபோக முடியாது. ஏர் பிஸ்டலானாலும் ஸ்கேனரில் நிறுத்திவிடுவார்கள். விம்கோ நகரிலிருந்து சென்ட்ரலில் மாறினால் எழும்பூர் எளிதுதான், ஆனால் துப்பாக்கி இருக்கும் நாளில் சொந்த வண்டி அல்லது ஆட்டோ. துப்பாக்கி காலியாக, பூட்டிய பெட்டியில், தோட்டா தனியாக. லைசென்ஸ் உங்களிடம் இருக்க வேண்டும். வழியில் கடைக்கு, நண்பர் வீட்டுக்கு என்று இறங்க வேண்டாம்.

வீட்டில் சுவரில் போல்ட் அடித்துப் பதித்த இரும்பு சேஃப் வேண்டும், சாவி உங்களிடம் மட்டும். தோட்டாவுக்கு வேறு பூட்டு. சேஃபைத் தரையோடு வைக்காதீர்கள், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நம் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது உப்புக் காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரம் குடியிருக்கிறவருக்கு இரும்பு என்னவாகும் என்று தெரியும், ஜன்னல் கம்பியே சாட்சி. ஒரு ஐப்பசி மழைக்காலத்தில் என் பிஸ்டலை அது வந்த ஸ்பாஞ்சுப் பெட்டியிலேயே மூன்று வாரம் வைத்துவிட்டேன். ஸ்பாஞ்சு ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்திருந்தது. திறந்தபோது குழல்மேல் என் கட்டைவிரல் ரேகை அச்சடித்த மாதிரி செம்பழுப்பாகப் பூத்திருந்தது. வியர்வைக் கையோடு தொட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்ததன் பலன். மரப் பிடியைக் கழற்றினால் உள்ளே இன்னும் மோசம், திருகு தலை தெரியாத அளவுக்குத் துரு.

அன்றிலிருந்து, சுட்டு வந்த அன்றே எண்ணெய்த் துணியால் முழுவதும் துடைத்து, வெறுங்கையால் மறுபடி தொடாமல், ஸ்பாஞ்சுப் பெட்டிக்குப் பதில் பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பைகளோடு சேஃபுக்குள் வைக்கிறேன். ஜெல் நிறம் மாறினால் வெயிலில் காய வைக்காமல் இரும்பு வாணலியில் லேசாக வறுத்து மறுபடி போடுவேன், அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பித் தரக் கூடாது. மாதம் ஒருமுறை பிடியைக் கழற்றி உள்ளே ஒரு சொட்டு எண்ணெய். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை.